கடைசியா என்ன மாத்தினீங்க?

திருவண்ணாமலையில் சொந்தக் கையால் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று வெளியூரில் சொன்னால் சிரிக்கிறார்கள். சாமியாரும் கிரிவலமும்தானே உங்கள் ஊர் என்கிறார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்து பாருங்கய்யா! வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் பகலெல்லாம் பட்டா ஃபைல் புரட்டுகிற கிளார்க் வீட்டில் என்ன கிராபிக்ஸ் கார்டு ஓடுகிறது என்று பாருங்கள். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறவர் வீட்டுக் கம்ப்யூட்டரின் கண்ணாடிப் பெட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு திருகும் அவர்களே திருகியது. இவர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸப் குழுவில் நானும் ஒருத்தி. வாய் கொஞ்சம் ஜாஸ்தியான ஒருத்தி.

குழுவில் யாராவது "கம்ப்யூட்டர் ஆன் ஆகல" என்று போட்டால் முதல் கேள்வியை நான்தான் கேட்பேன். "கடைசியா என்ன மாத்தினீங்க?" வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான். "ஒண்ணும் மாத்தலக்கா, தானா நின்னுடுச்சு."

தானாக நிற்குமா? ஒருவர் சூட்டைத் தணிக்கிற புதுக் கூலர் மாட்டியிருந்தார். அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே ப்ராசசர் மேல் வைத்து இறுக்கிவிட்டு, சூடு ஏறுகிறது, ஆனால் ஒன்றும் மாற்றவில்லை என்று மூன்று நாள் சாதித்தார். அவர் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் அந்தத் தாள் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு நான் கேட்ட கேள்வியில் மனிதர் குழுவை விட்டே போய், ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். "டாக்டர்கிட்ட போயி வயித்துவலிய மறைப்பீங்களா? பொய் சொல்றதா இருந்தா இங்க வராதீங்க" என்று எழுதியிருந்தேன்.

எனக்கு நேரெதிர் குருக்கள். அண்ணாமலையார் கோயிலில் பூஜை முறை உள்ளவர், என் வயதுதான் இருக்கும். குழுவில் எல்லோருக்கும் அவர் 'சாமி'. மதியம் நடை சாத்தியதும்தான் போனையே எடுப்பார். அதுவரை நாங்கள் ஐம்பது, அறுபது மெசேஜ் போட்டு அடித்துக்கொண்டிருப்போம். ஒருமுறை கூலர் விஷயத்தில் தண்ணீரா காற்றா என்று காலையிலிருந்து ரகளை. சாமி ஒரே ஒரு குரல் பதிவு போட்டார். "நம்ம ஊரு வெயிலுக்கு ரூமே அடுப்பாட்டம் இருக்கு. ரெண்டு கூலரும் அந்தக் காத்ததான் இழுக்கப் போவுது. மொதல்ல ஜன்னலத் தொறங்க." சண்டை முடிந்தது. யாரையும் திட்ட மாட்டார், யாரையும் மட்டம் தட்ட மாட்டார். சரிப்படவில்லை என்றால் கருவிப் பையை எடுத்துக்கொண்டு வண்டியில் நேரிலேயே வந்துவிடுவார். கார் ரேஸ் கேமில் இந்த ஊரில் அவரை ஜெயித்த ஆள் கிடையாது. குடுமியும் விபூதியுமாக ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்து அவர் வளைவுகளில் திருப்புகிற அழகைப் பார்க்க வேண்டும்! மனிதர் என்றால் அவர்தான் மனிதர் என்று நான் வெளிப்படையாகவே சொல்லுவேன்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் நான் பொய் சொன்னேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். வைகாசி முகூர்த்தத்தில் ஒரு பெண்ணின் கல்யாணம் என்னிடம் வந்தது. அப்பா இல்லாத பெண். அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போதே ஓட்டிப் பார்த்தேன். பெற்ற தாய் மேடைப் பக்கமே இல்லை. தாலி ஏறுகிற நேரத்தில், மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னால் புடவைத் தலைப்பு மட்டும் தெரிகிறது. தாலி இழந்தவள் முன்னால் வரக்கூடாதாம். சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்க்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மவுஸைத் தூக்கி அடித்திருப்பேன்.

அந்தப் பெண் தினமும் போன் செய்வாள். "அக்கா, சனிக்கிழமை நாங்க ஓசூர் போறோம். அவருக்கு அங்கதான் வேல. எங்கம்மா தாலி கட்டறதப் பாக்கவே இல்லக்கா. போறதுக்குள்ள டீவில போட்டு ஒரு தடவ காட்டிட்டுப் போயிடணும்." காட்டிடலாம்மா, கவலைப்படாதே என்று நானும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பௌர்ணமி. காலையில் என் கம்ப்யூட்டருக்குப் புதுப் பவர் சப்ளை மாற்றினேன். கரண்டை வாங்கி எல்லா பாகத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. அதிலிருந்து போகிற வயர்களைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். புதுப் பெட்டியோடு புது வயர்களும் வந்திருந்தன. எல்லாவற்றையும் மாற்றினேன், டிஸ்க்குக்குப் போகிற ஒன்றைத் தவிர. ஏனென்றால் அந்தப் பழைய வயர், நூல் பின்னிய காவி நிற வயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்துத் தட்டுக்குப் பின்னால் வளைத்து வளைத்துக் கட்டி வைத்தது. அதைப் பிரிக்க மனசு வரவில்லை. புதுப் பெட்டியில் அதே ஓட்டை, அதே வடிவம். 'கிளிக்' என்று உட்கார்ந்தது.

உட்காரும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே கம்பி வரிசை வேறு. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போகும். ஒரு சப்ளையின் வயரை இன்னொன்றில் சொருகாதே, சொருகாதே என்று குழுவில் எத்தனை பேரிடம் கத்தியிருப்பேன்! பட்டனை அழுத்தினேன். ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. ஒரு கருகல் நாற்றம். மூக்குக்கு எட்டிய அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

டிஸ்க்கைக் கழற்றிவிட்டால் கம்ப்யூட்டர் ஓடியது. மாட்டினால் நின்றது. கல்யாணம் முழுக்க அந்த ஒரே டிஸ்க்கில். எப்போதும் இன்னொரு காப்பி எடுத்து வைப்பவள்தான் நான். முகூர்த்த சீசனில் காப்பி எடுக்கிற வெளி டிஸ்க் நிரம்பி வழிந்தது, அப்புறம் எடுக்கலாம் என்று விட்டிருந்தேன். கேமராக்காரர்கள் மெமரி கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள்.

குழுவில் போட்டேன். டிஸ்க் போய்விட்டது, கஸ்டமர் கல்யாணம் உள்ளே இருக்கிறது, உதவுங்கள். கிளார்க் உடனே கேட்டார். "கடைசியா என்னக்கா மாத்தினீங்க?"

என் கேள்வியை என்னிடமே. விரல் தானாக அடித்தது. "ஒண்ணும் மாத்தல. பௌர்ணமிக்கு லாட்ஜ்ல எல்லாம் ஏசி போட்டு வோல்டேஜ் ஏறி எறங்கிச்சு."

எவ்வளவு பொருத்தமான பொய் பாருங்கள். இந்த ஊரில் யார் அதை நம்பாமல் இருப்பார்கள்? நம்பினார்கள். நம்பியதோடு விட்டார்களா, இரண்டு நாள் எனக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். வோல்டேஜ் என்றால் முதலில் சப்ளைதானே போக வேண்டும், டிஸ்க் எப்படிப் போகும் என்று கிளார்க் படம் போட்டு விளக்கினார். டிஸ்க்குக்குள் தகட்டைப் படிக்கிற ஊசி உடைந்திருக்கும், சென்னையில் பிரித்துப் பார்க்கிற இடம் இருக்கிறது என்றார் இன்னொருவர். நானே பஸ்சில் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன், கடையை ஒரு நாள் மூடினால் ஒன்றும் ஆகாது என்றார் காபிக் கடைக்காரர். ஒவ்வொரு மெசேஜையும் படிக்கப் படிக்க எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ஊரையே திட்டியவள் எப்படித் திறப்பாள்? புது சப்ளையின் அட்டைப் பெட்டியை, சரியான வயரோடு சேர்த்துப் பரணில் தூக்கிப் போட்டேன்.

வியாழக்கிழமை நடை சாத்தியதும் சாமி வந்தார். பௌர்ணமிக் கூட்டத்தில் இரண்டு நாளாகத் தூங்காத கண். ஒரு வாய் மோர் குடித்தார். என் டிஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் மாத்தலைன்னு சொன்னீங்க இல்லம்மா? அப்போ மொதல்ல உங்க மெஷின்ல டிஸ்க் போற வழி சரியா இருக்கான்னு பாத்துடுவோம்" என்று பையிலிருந்து வேறொரு டிஸ்க்கை எடுத்தார். "இது என் வீட்டு மெஷின்லேருந்து கழட்டினது. பாதி காலியா இருக்கு. உங்களோடது உயிர் வந்தா இதுலயே எறக்கிடலாம்."

"மீதி பாதில என்ன சாமி இருக்கு?"

"பொண்ணு போட்டோ. அவ பொறந்ததுலேருந்து எடுத்தது. காப்பி எடுக்கணும் எடுக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டே இருக்கேன், எங்க நேரம் கெடைக்குது?"

சொல்லிக்கொண்டே பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். சப்ளை கீழே மூடிய தட்டுக்குள் இருந்ததால் புதியது என்று தெரியாது. என் அழகான காவி வயர் நுனியை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. அவர் அதை இடது கையில் பிடித்தார். வலது கையில் மகளுடைய போட்டோ. சுவரில் சுவிட்ச் போட்டிருந்தது, நுனியைச் சொருகிப் பட்டனைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

"சொருகாதீங்க!"

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தார். சாமி அசையவில்லை. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். சப்ளை, வயர், பரண், பௌர்ணமி, எல்லாம். அசடு வழிய நின்றேன் என்றால் அது சின்ன வார்த்தை.

அவர் தன் டிஸ்க்கை மெதுவாகப் பைக்குள் வைத்தார். முகம் வெளுத்திருந்தது. என் டிஸ்க்கை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "பழைய வயர்னா அப்போ நல்ல சேதிதான்" என்றார்.

"என்ன சாமி சொல்றீங்க?"

"ஊசி ஒடையல. அஞ்சு போற எடத்துல பன்னெண்டு போயிருக்கு, அவ்ளோதான். அதுக்குன்னு உள்ள ஒரு காவக்காரன் இருக்கான். ஸ்க்ரூ டிரைவர் குடுங்க."

டிஸ்க்கின் அடியில் இருக்கிற பச்சைப் பலகையைக் கழற்றித் திருப்பினார். பையிலிருந்து கரண்ட் அளக்கிற மீட்டரை எடுத்து, அதன் இரண்டு முனைகளை ஒரு கருப்புத் துணுக்கின் மேல் வைத்தார். உளுத்தம்பருப்பு அளவுகூட இல்லை. மீட்டர் 'கீ' என்று கத்தியது. "பாத்தீங்களா? கரண்ட் ஜாஸ்தியா வந்தா இவன் தன் உயிர விட்டுட்டு உள்ள போவாம தடுத்துடுவான். இவன எடுத்துட்டா டிஸ்க் ஓடும். ஆனா அப்புறம் காவல் கெடையாது. ஒரே ஒரு தபா ஓட்டி காப்பி எடுத்துட்டு, தூக்கிப் போட்டுடணும்."

நான் ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறி, ஒளித்து வைத்ததை என் கையாலேயே இறக்கினேன். அவர் சால்டரிங் கம்பியைச் சூடேற்றினார். துணுக்கின் இரண்டு ஓரத்திலும் மாற்றி மாற்றி வைத்தார். துணுக்கு நகர்ந்து வந்தது. காவி வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புது வயரை மாட்டி, மீட்டரில் மூன்று முறை அளந்து பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தச் சொன்னார். டிஸ்க் சுற்ற ஆரம்பித்த அந்தச் சத்தம் இருக்கிறதே! அப்படியே அவர் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது. திரையில் அந்தப் பெண்ணின் பெயர் போட்ட ஃபோல்டர் வந்தது.

அவர் டிஸ்க்கில் காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது குழுவில் எழுதினேன். "கடைசியா சப்ளை மாத்தினேன். பழைய வயரை சொருகினேன். பொய் சொன்னேன். உங்க எல்லாரையும் ரெண்டு நாளு அலைய விட்டேன். மன்னிச்சுடுங்க." திட்டு வாங்கத் தயாராக உட்கார்ந்தேன். முதலில் கிளார்க் எழுதினார்: "அக்கா, போன வருஷம் என் ப்ராசசர் பின்னு வளஞ்சே வந்துச்சுன்னு சொன்னேன் இல்ல? நான்தான் கீழ போட்டேன்." அடுத்து காபிக் கடைக்காரர்: "என் போர்டு மேல கொட்டினது மழைத் தண்ணி இல்ல, டிகாஷன்." பிளாஸ்டிக் தாள்காரர் வெறுமனே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டார். இவர்களையா நான் இத்தனை வருஷம் விரட்டினேன்? தங்கமான மனிதர்கள்.

சாயங்கால நடை திறக்கும் நேரம் ஆகிவிட்டது. சாமி வண்டியை எடுக்கும்போது கேட்டேன். "எல்லார் வீட்லயும் நீங்களே வயரையெல்லாம் ஒருதடவ அளந்து பாப்பீங்களே சாமி. இங்க ஏன் பாக்கல?"

"மத்தவங்க சொன்னா பாப்பேன்" என்றார். "நீங்க சொன்னீங்கன்னு பாக்கலம்மா."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

ராத்திரி பகல் பார்க்காமல் வேலையை முடித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே அந்தப் பெண் வீட்டுக்குக் கொண்டு போனேன். டீவியில் போட்டேன். அந்தம்மா தன் வீட்டுக்குள்ளேயே, சமையலறைக் கதவோரமாகத்தான் நின்றார். மேளம் கெட்டியாக அடிக்க ஆரம்பித்ததும், பழக்கம்தான் போலிருக்கிறது, உள்ளே போகத் திரும்பினார். மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து, டீவிக்கு நேர் எதிரே நாற்காலியில் உட்கார வைத்தாள். "இங்க எவன் வந்து உன்ன எழுப்பறான்னு பாக்கறேன். ஒக்காரும்மா."

தாலி ஏறியது. அந்தம்மா இமைக்காமல் பார்த்தார். முடிந்ததும் என் பக்கம் திரும்பி, கூச்சத்தோடு, ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"இன்னொரு தபா போடும்மா."

போட்டேன்.