நண்டு மாப்பிள்ளை

வேலைக்கு வந்ததும் அவர் முதலில் விழிப்பது ஒரு பின்பக்கத்தில்தான். "இன்னைக்கு யார் மூஞ்சில முழிச்சேனோன்னு ஊரே புலம்பும். எனக்கு அந்தக் குழப்பமே இல்ல சார்," என்கிறார், தொட்டியின் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு. உள்ளே, யாரோ கழற்றிப் போட்ட ஈரக் காலுறைபோல, மணலில் ஒரு கடல் அட்டை கிடக்கிறது. அதன் பின்முனை திறக்கிறது, மூடுகிறது. அதற்கு மூச்சு அந்த வழியாகத்தான். "கழிவுக்கும் அதான் வாசல்."

கடல் ஆய்வு நிலையத்தில் பதினோரு ஆண்டுகளாகத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். ஒவ்வொரு தொட்டியிலும் அவர் கைப்பட எழுதிய சீட்டு தொங்குகிறது: ‘தண்ணீரில் விரல் வைக்கக் கூடாது.’ நிலையத்தின் இயக்குநரே ஒருமுறை விரலை நனைத்துவிட்டு அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அட்டைக்குள் பட்டாணி அளவில் ஒரு நண்டு குடியிருக்கிறது. அதன் கதையைச் சொந்தக்காரர் வீட்டு வம்புபோலச் சொல்கிறார். "குஞ்சா கடல்ல அலையும். ஒருநாள் இவன் மூச்சுவிட வாசலைத் திறப்பான் பாருங்க, சட்டுனு உள்ள பூந்துடும். பொம்பளை நண்டு அங்கயே தின்னு பெருத்துடும். ஓடு மெத்துனு ஆயிடும். அப்புறம் வெளிய வர்ற பேச்சே கிடையாது. முட்டை பொரிஞ்சா குஞ்சுங்க மட்டும் அதே வாசல் வழியா கடலுக்குப் போகும். ஆம்பளை நண்டு சின்னவன். ஜோடி தேடி வீடு வீடா ஏறி இறங்குவான்."

இதையே ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமனாரிடமும் உற்சாகமாகச் சொல்லியிருக்கிறார். தான் வீட்டோடு மாப்பிள்ளை என்பதை அந்த நேரம் மறந்துவிட்டார். "இதுக்கு எதுக்குக் கண்ணாடித் தொட்டி? நம்ம வீட்டுலயே ஒண்ணு இருக்கே," என்றாராம் மாமனார். அன்றிலிருந்து வீட்டில் அவர் பெயர் நண்டு. "நண்டு, தண்ணி வருதா பாரு." "நண்டு, என் கண்ணாடியை எங்கடா வச்ச?"

இப்போது நிலையம் அவருக்கு ஒரு வீடு ஒதுக்கியிருக்கிறது. சாவி மூன்று நாளாக இடுப்பில் தொங்குகிறது. இன்று ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "நீங்களே முடிவு பண்ணுங்க, நாளைக்கு என் தலையை உருட்டாதீங்க," என்று மனைவி கழன்றுகொண்டார். இவர் அந்தப் பொறுப்பை நண்டிடம் தள்ளிவிட்டார். மூன்றாம் தொட்டியில் ஓர் ஆண் நண்டு அட்டைக்குள் புகுந்து ஒரு வாரமாகிறது.

"அஞ்சு மணிக்குள்ள அவன் வெளிய வந்தா நானும் வந்துடறேன். ஆம்பளைன்னா ஒரு ரோஷம் வேணாமா சார்?"

ரோஷமெல்லாம் டீ வரும்வரைதான். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் சொன்னார்: "சாவியைப் பாத்ததுலேர்ந்து மாமா என்னை நண்டுன்னு கூப்பிடறதே இல்ல. மாப்பிள்ளைங்கறாரு. வாங்க, போங்கன்னு மரியாதை வேற. இப்பவே விருந்தாளி ஆயிட்டேன் சார்."

நாலே முக்காலுக்கு அட்டையின் வாசல் திறந்தது. முதலில் ஒரு கால் வந்தது, பிறகு பாதி உடம்பு.

"வந்துட்டான்," என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டினார். தன் கையால் எழுதிய சீட்டை ஒதுக்கிவிட்டு, ஆள்காட்டி விரலைத் தண்ணீருக்குள் விட்டு, நண்டை மெல்ல உள்ளே தள்ளினார்.