மூணு செடி மேடம்

கட்டைவிரல் நகத்தால் மரக்கன்றின் தண்டை லேசாகச் சுரண்டிப் பார்ப்பார் மேடம். உள்ளே பச்சை தெரிந்தால்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வார். அதான் இலை இருக்கிறதே என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தால், "இலை நாளைக்கே கொட்டிடும். பட்டை பொய் சொல்லாது" என்பார்.

நகராட்சியில் மர ஆய்வாளர். பதினெட்டு வருடச் சர்வீஸ். ஒரு மரத்தை வெட்டினால் மூன்று கன்று நடவேண்டும், இரண்டு வருடம் கழித்தும் மூன்றும் உயிரோடிருக்க வேண்டும் என்பது விதி. அதனால் தெருவில் அவருக்கு 'மூணு செடி மேடம்' என்றே பெயர். யார் கூப்பிட்டாலும் உள்ளே போய் உட்காரமாட்டார். "செருப்பெல்லாம் மண்ணு. வாசல்லயே பேசிக்கலாம்." பையில் எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும். அவர் அதைக் குடித்து யாரும் பார்த்ததில்லை.

ஏழெட்டு வருடத்துக்கு முன்பு, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், கன்றொன்று பட்டுப்போனதை மறைக்க, ஆய்வன்று காலையில் எங்கிருந்தோ ஒரு கிளையை ஒடித்துவந்து மண்ணில் செருகிவைத்தார். மேடம் இரண்டு விரலால் தூக்கினார். கையோடு வந்துவிட்டது. "வேரு லீவுல போயிருக்கா சார்?" என்று கேட்டார், சிரிக்கவில்லை. புதுக் கன்று நடவைத்து, வாரா வாரம் வந்து பார்த்தார். ஓட்டுநர் ரொம்ப நாள் அவருக்கு முகங்கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு மேடம் வீட்டு மரமே கரையான் அரித்து, பக்கத்துக் கூரைமேல் சாயப் பார்த்தது. தன் விண்ணப்பத்தைத் தானே ஆய்வு செய்வது முறையில்லை என்று சக ஊழியரிடம் ஒப்படைத்தார். மரத்தை வெட்டி, வாசலோரம் மூன்று கன்று நட்டார். அடுத்த கோடையில் படியில் வழுக்கி விழுந்ததில் தொடையெலும்பு முறிந்தது. தனியாள். சமைத்துக் கொடுத்துவிட்டு ஓடும் தங்கைக்குச் செடியைக் கவனிக்க நேரமில்லை. கட்டிலில் கிடந்தபடி, கன்றுகள் வாடுவதை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்க வந்த சக ஊழியர், "உயிரோட இருக்குன்னு நான் எழுதிடறேன்க்கா. யாரு பாக்கப் போறா?" என்றார்.

"நான் பாத்துட்டுத்தானே படுத்திருக்கேன்."

இந்தப் பேச்சு எப்படியோ தெருக்களைச் சுற்றி ஓட்டுநர் காதுக்குப் போயிற்று. மறுநாள் விடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் விழும் சத்தம். சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மழை பிடிக்கும்வரை ஒருநாள் தவறவில்லை. நீங்கள் எதற்கு இந்த வயதில் என்று மேடம் சங்கடப்பட்டபோது, கன்றைப் பார்த்தபடியே ஓட்டுநர் சொன்னார்: "எங்க வீட்டம்மா இப்போ அந்த மூணு மரத்தடியிலதான் உக்காந்து காய் நறுக்குறா. அந்த நிழல் நீங்க விரட்டி விரட்டி வரவச்சது. வாயைத் திறந்து நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

மேடம் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஆய்வு. ஓட்டுநரும் வந்திருந்தார். மூன்றும் தோளுயரம் வளர்ந்திருந்தன. சக ஊழியர் வாசலில் நின்றபடியே படிவத்தை நிரப்பினார். 'பராமரித்தவர்' என்ற இடத்தில் வழக்கம்போல வீட்டுக்காரரான மேடத்தின் பெயரை எழுதினார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேடம் அந்தத் தாளை வாங்கினார். தன் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார். பேனாவை ஓட்டுநர் பக்கம் நீட்டினார்.