இரண்டு பேருக்கான மோட்டார்

மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் அவர். எரிந்துபோன மின்விசிறியோ தண்ணீர் மோட்டாரோ வந்தால் கருகிய செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பார். முப்பத்தைந்து வருடமாக அதே வேலை, அதே ஸ்டூல். எந்த மோட்டார் வந்தாலும் வாயைத் திறந்து முதலில் கேட்பது, "ஃபுல் லோடு எவ்வளவு?" என்பதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

கடை கீழே, வீடு மேட்டின் உச்சியில். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஏறி வருவதற்குள் வாலிபனுக்கே நாக்குத் தள்ளிவிடும். மனைவிக்கோ முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. "கொஞ்ச நாள் மக வீட்டுல இருந்துட்டு வரேங்க" என்று பெட்டியோடு கிளம்பினாள். மகள் வீடு பஸ்ஸில் ஆறு மணி நேரத் தூரம்.

"ரெண்டே வாரம் பொறு. மூணு சக்கர சைக்கிள் ஒண்ணு வாங்கி, மோட்டார் வெச்சு, உன்னை ராணி மாதிரி மேல ஏத்திக் காட்டறேன்" என்றார் இவர்.

வாய்ச்சவடாலுக்குக் குறைச்சலே இல்லை. அந்த இரண்டு வாரம் பதினாலு மாதம் ஆயிற்று. பழைய சைக்கிள் என்னவோ மறுநாளே கடைக்கு வந்துவிட்டது. வந்த இடத்திலேயே கிடந்தது. இவர் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டார். தன் எடை, அவள் எடை, வண்டி எடை, மேட்டின் சரிவு. முன்சக்கரத்தில் மோட்டாரை வைத்தால் மேட்டில் சக்கரம் வழுக்கும். பின்சக்கரம் ஒன்றில் வைத்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பெரிய மோட்டார் போட்டால் பெரிய பேட்டரி வேண்டும், அது ஏறினால் எடை ஏறும், எடை ஏறினால் மோட்டார் போதாது. மறுபடியும் முதலிலிருந்து.

பக்கத்துக் கடை வெல்டிங்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணே, ராக்கெட்டே விட்டிருக்கலாம் இந்நேரம்!"

"உனக்கென்னப்பா தெரியும்? பாதி மேட்டுல நின்னு பின்னால உருண்டா யாரு பதில் சொல்றது?" என்று எரிந்து விழுவார்.

அது பாதி உண்மைதான். மீதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மேடுதானே காரணம் என்று இதுவரை மனதைச் சமாளித்து வந்தார். வண்டி தயாராகி, அப்போதும் அவள் வரவில்லை என்றால்? அந்தப் பயத்தில்தான் பென்சிலைத் திரும்பத் திரும்பச் சீவிக்கொண்டிருந்தார். தினமும் கடையைப் பூட்டி மேலே ஏறி, காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருப்பதைப் பார்க்கும்போது அவருக்கு அழுகை வரும். மனுஷன் அழமாட்டார், டி.வி.யைப் போடுவார். யாராவது பேசிக்கொண்டிருந்தால் சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டுவிட்டார். "ஏம்மா, இப்ப நீ எத்தனை கிலோ இருப்ப?"

"நல்லா கேட்டீங்க போங்க! நான் என்ன மூட்டையா?"

"வண்டிக் கணக்குக்கும்மா. நான் முன்னால ஓட்டுவேன், நீ பின்னால உக்காரணுமே."

அவள் கேட்டாள். "நான் தனியா ஓட்ட முடியாதா?"

"இந்த மேட்டுலயா? விளையாடறியா?"

"அங்க இல்லைங்க. இங்க எல்லாம் சமதரைதான். ஒண்ணு செஞ்சு அனுப்பினீங்கன்னா கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நானே போயிட்டு வந்துடுவேன். எல்லாத்துக்கும் மக முகத்தையே பாத்துக்கிட்டு இருக்க வேண்டியிருக்கு."

"அப்ப நீ வரல?"

"கோச்சுக்காதீங்க. நீங்க எப்ப கடைய மூடுவீங்க, எப்ப கூட்டிட்டுப் போவீங்கன்னு அந்த மேட்டு மேலயே முப்பத்தஞ்சு வருஷம் உக்காந்திருந்தேன். போதும்ங்க."

மோட்டாரைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிற மனுஷர், உனக்கு எங்கே போகணும் என்று அவளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய?

மறுநாள் புதுக் காகிதம் எடுத்தார். ஒரு ஆள், சமதரை. சின்ன மோட்டார் போதும், முன்சக்கரத்திலேயே வைத்துவிடலாம், வழுக்காது. பேட்டரியும் பாதிதான். அரை மணி நேரத்தில் கணக்கு முடிந்துவிட்டது. பின் சீட்டைக் கழற்றிவிட்டுக் கூடை வைத்தார். ஒன்பதாம் நாள் வண்டி ஓடிற்று.

"பதினாலு மாசம் இழுத்தடிச்சதை ஒன்பது நாள்ல முடிச்சிட்டீங்களே அண்ணே!" என்று வெல்டிங்காரர் வாயைப் பிளந்தார்.

"ஒரு ஆளுக்குத்தானேப்பா" என்றார் இவர். பார்சல் லாரியில் ஏற்றி அனுப்பினார்.

அடுத்த வாரம் கடையில் இருக்கும்போது போன் வந்தது. "என்னங்க, ஓட்டிட்டு இருக்கேன்! மார்க்கெட் வரைக்கும் வந்துட்டேன்! சத்தம் கேக்குதா?" அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். இத்தனை வருடத்தில் அவர் கேட்டதே இல்லை.

"கேக்குது. கொஞ்சம் பேசாம இரு" என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். எங்கேயாவது ஒரு கரகரப்பு, ஒரு சின்ன உரசல் இருந்தால் போதும், சரி பண்ண வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிடலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குறையும் இல்லை.

"எப்படிங்க இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கும்மா. போனை வெச்சுட்டு ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றார்.