வெயில் நாளில் திறக்கும் பெட்டி

என் தம்பியின் வாயிலிருந்து ‘ஈரம்’ என்ற சொல் வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வருஷம் முழுக்க மழை கொட்டும் எஹலியகொடையில் இருந்துகொண்டு ஈரத்துக்குப் பயந்தால் எப்படிப் பிழைப்பது? இங்கே உள்பாவாடை காய்வதற்குக்கூட அடுப்புக்கு மேலே கயிறு கட்ட வேண்டும்.

அவன் டவுனில் போன் கடை வைத்திருக்கிறான். பழைய காசு சேர்ப்பதில் பைத்தியம். கடைக்குப் பின்னாலுள்ள வீட்டில், காற்றுப் புகாத பெட்டி ஒன்றில் அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறான். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலம் ஒன்று கிடக்குமே, அந்த சிலிக்கா ஜெல்லைக் கிலோக் கணக்கில் வாங்கிப் பெட்டியில் போடுவான். நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகிவிடும். உடனே வாணலியில் போட்டுச் சூடாக்கி மறுபடி நீலமாக்குவான். ரப்பர் தோட்டத்து லயத்தில், பெற்ற தாய் என்னோடு இருக்கும் ஒற்றை அறைக் காம்பராவின் சுவர் பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. ஒழுகுகிற ஒரு தகரத்தை மாற்றித்தரத் துப்பில்லை, காசுக்கு மட்டும் இந்தச் சீராட்டு!

அந்தப் பெட்டிக்குள் அம்மாவின் காசும் ஒன்று போனது. அவளுடைய ஆட்கள் இந்தியாவிலிருந்து வந்தபோது கொண்டுவந்த வெள்ளி ரூபாய். எனக்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. அடுத்துப் பிறந்த இவனாவது நிலைக்கட்டும் என்று அந்தக் காசில் ஓட்டை போட்டு, இவன் இடுப்பில் அரைஞாண்கயிற்றோடு கட்டிவிட்டாள். இவன் வளர்ந்ததும் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள். போன வருஷம் வந்து நைசாகப் பேசியிருக்கிறான்.

“வேர்வையில தேயுதும்மா. என்கிட்ட குடுங்க, பத்திரமா வைக்கிறேன்.”

மகன் கேட்டதும் மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டாள். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருக்கிறான், கள்ளன்.

இந்த வருஷம் அம்மாவுக்கு இழுப்பு கூடிவிட்டது. படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தே தூங்குவாள். கை மட்டும் அடிக்கடி கழுத்துக்குப் போகும்.

“ஒருக்கா அத கையில வச்சுப் பாத்துக்கிறேன்டி. அது போதும்.”

தம்பிக்குப் போன் போட்டேன். “மழையில பெட்டிய தொறக்க ஏலாதுக்கா. ஈரம் உள்ள போயிரும். வெயில் நாளாப் பாத்துக் கூட்டிட்டு வாங்க” என்றான்.

எனக்கு ரப்பர் பால்வெட்டும் வேலை. மழை நாளில் வேலை கிடையாது, அம்மாவைக் கூட்டிப்போகலாம், ஆனால் பெட்டி திறக்காது. வெயில் நாளில் பெட்டி திறக்கும், அன்றைக்கு நான் மரத்தடியில் நின்றாக வேண்டும். மாசக்கணக்கில் இப்படியே இழுத்தடித்தான். அம்மா விடிந்ததும் கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பாள்.

வேலை போனால் போகட்டும் என்று, வெயில் சுள்ளென்று அடித்த ஒரு காலையில், அவளை த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போய் இறங்கினேன். அவன் முகம் செத்துவிட்டது.

“சொல்லிட்டு வந்திருக்கலாமேக்கா.”

“வெயில் வந்துச்சு, நாங்களும் வந்தோம். தொற.”

சரி சரி என்பதை “ஹரி, ஹரி” என்று சிங்களத்தில் முனகிக்கொண்டே பெட்டியைத் தூக்கிவந்து மூடியைத் திறந்தான். ஒவ்வொரு காசும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அம்மா ஆசையாகக் குனிந்தாள். மூச்சு புஸ் புஸ்ஸென்று வந்தது.

“அம்மா, மூச்ச அந்தப் பக்கம் விடுங்க. மூச்சுலயும் ஈரம் இருக்கு.”

அடப்பாவி! அறைந்திருப்பேன். அதற்குள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தி மூச்சை அடக்கிக்கொண்டாள். தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்கு நடந்தாலே காற்றுக்குத் தவிக்கிறவள், மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் விரல் காட்டிய ரூபாயைப் பார்த்தாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கோத்தது. அப்படியும் விடாமல் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்தாள்.

“ஓட்டைய எங்கடா காணோம்?”

அவன் ஜெல் பொட்டலங்களை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினான்.

“ஓட்டை போட்ட காசுக்கு மதிப்பில்லம்மா. வாங்கின கையோட அத ஒரு ஆளுக்குக் குடுத்துட்டு, நல்லதா ஒண்ணு எடுத்துட்டேன். அதே வருஷத்துக் காசுதான்.”

“அப்ப மழை, ஈரம்னு இவ்வளவு நாளும் சொன்னது?” என்று கத்தினேன்.

அம்மாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசைமேல் சாய்ந்துவிட்டாள். அவன் முதலில் பெட்டியை மூடினான். அழுத்திப் பார்த்துப் பூட்டினான். அதற்குப் பிறகுதான் தண்ணீர் எடுக்கப் போனான். அவன் நீட்டிய கிளாஸை அம்மா தொடவில்லை.

போன வாரம் அவளைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். புதிதாக வந்த நர்ஸ் மிஸ்ஸி, எத்தனை பிள்ளைகள் என்று சிங்களத்தில் கேட்டாள். அம்மா என்னைக் காட்டி ஒருத்திதான் என்றாள். நான் திருத்தப் போகவில்லை.