துவாதசிக்கு அகத்திக்கீரை

செங்கமலத்துக்குத் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கும் வேலை. புத்தூர்ப் பக்கத்து ஆள். ஐந்து வருடமாக இங்கே வாடகை வீடு. வீட்டுக்குப் பின்னால் பத்தடி அகலத்தில் ஒரு துண்டு மண். அதில் நான்கு அகத்தி மரம் வளர்த்து, ஒவ்வொன்றிலும் வெற்றிலைக் கொடி ஏற்றியிருந்தாள். நிழல் இருந்தால்தான் வெற்றிலை பிழைக்கும். போன இரண்டு கோடையிலும் பிழைக்கவில்லை.

இந்த வருடம் வீட்டுக்காரர் சிவசங்கரன் கறாராகச் சொல்லிவிட்டார். "கத்திரி வெயில் முடிஞ்சதும் வந்து பாப்பேன். கொடி பச்சையா இருந்தா எடம் உனக்கு. இல்லன்னா ஷெட் போட்டு பைக் நிறுத்த விட்டுடுவேன்."

கத்திரி பிறந்த மூன்றாம் நாள் துவாதசி. ஏகாதசிக்குப் பட்டினி கிடந்தவர்கள் அகத்திக்கீரை தின்றுதான் விரதம் முடிப்பார்கள். விடிந்ததும் பக்கத்து வீட்டு ஜெயம்மா வந்து நின்றாள்.

"மார்க்கெட்ல ஒரு கட்டுகூட இல்லக்கா. ரெண்டு கொத்து குடு."

பட்டினி கிடந்தவளை வெறுங்கையோடு அனுப்புவதா? ஒடித்துக் கொடுத்தாள். ஜெயம்மா கையில் கீரையைப் பார்த்ததும் தெருவே திரண்டு வந்தது. ஏழு மணிக்குள் மரங்கள் மொட்டை. செங்கமலத்துக்கு அப்போது அது புண்ணியமாகத்தான் பட்டது.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்து பார்த்தால், வெற்றிலைகள் வெந்து தொங்கின. லாட்ஜில் கழித்துப் போட்ட பெட்ஷீட்டுகளைக் கேட்டு வாங்கி வந்து மரத்துக்கு மரம் பந்தல் மாதிரி கட்டினாள். காலையும் மாலையும் வேரோடு துணியையும் நனைத்தாள். அப்படியும் மூன்று கொடி காய்ந்துபோனது.

அடுத்த துவாதசிக்குள் அகத்தி லேசாகத் துளிர்த்திருந்தது. ஜெயம்மா வந்தாள்.

"இந்த வாட்டி இல்ல ஜெயம்மா."

"மரத்துல தெரியுதே! கொடிக்கு மட்டும் வேணும், மனுஷன் துன்னக் கூடாதா?"

"கோவிச்சிக்காத. வாசல்ல தனியா ஒண்ணு வெதச்சிக்கீறேன். அது உனக்குத்தான்."

"அது வளர்ற வரைக்கும் நான் பட்டினியாவே கெடக்கறேன்."

செய்தது சரியா என்று அன்று முழுக்க செங்கமலத்துக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கத்திரி முடிந்த மறுநாள் சிவசங்கரன் வந்து துணியை விலக்கிப் பார்த்தார். நான்காவது கொடியின் அடிக் கணுவில் புதுக் கிளை, மூன்று இலை. கிள்ளக் கை நீட்டினார்.

"கிள்ளாதீங்கண்ணா! ஆவணில வாங்க."

"என் எடத்துல எனக்கே ஒரு வெத்தல இல்லியா? அதுவும் நாலுல ஒண்ணுதான் நிக்குது."

"ஒண்ணு நின்னா போதும்ணா. இதையே வெட்டி நட்டு நாலாக்கிடுவேன்."

அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். துணியை மறுபடி இழுத்து மூடினார்.

"ஆவணிலன்னா சொன்ன?"

"ஆமாண்ணா."

"சுண்ணாம்போட வரேன்."