பெயரில்லாமல் வென்ற வரைபடம்

மதுரையை அடுத்த பரவையில் ஒரு கிடங்குக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது. கட்டடக் கலைஞர் ஜமீலா அவர்களின் தம்பி காதர் பேசினார்.

"அண்ணே, அக்கா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருங்க."

கலவை இயந்திரச் சத்தத்தில் இன்னொரு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டேன். தளம் போடுவதைப் பாதியில் நிறுத்த முடியாது. நிறுத்தியிருந்தால் அவரே திட்டியிருப்பார். மேஸ்திரியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மதுரையில் சொந்தமாக அலுவலகம் வைத்த முதல் சில பெண் கட்டடக் கலைஞர்களில் அவர் ஒருவர். அவர் வரைவார். அது நிற்பதற்கான தூணையும் கம்பியையும் நான் கணக்கிடுவேன். எங்கள் தொழில் உறவு அப்படித்தான் தொடங்கியது.

பழைய நகரத்தில் மரக்கடை வைத்திருந்த குடும்பம் அவருடையது. சென்னையில் படித்து முடித்ததும், உதவித்தொகையில் பின்லாந்து போக வாய்ப்பு வந்தது. உறவினர்கள் ஆயிரம் கேள்வி கேட்டார்கள். அப்பாவை அவர் அத்தா என்பார். அத்தா கேட்டது ஒன்றுதான்: "குளிரு தாங்குவியாம்மா?"

அங்கே ஹெல்சிங்கியில் வயதான பெண் கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்த ஊர்க் கதைகளை ஜமீலாம்மா எங்களிடம் அடிக்கடி சொல்வார். "அங்க முதல்முதலாப் படிக்க வந்த பொம்பளைங்க தனி அனுமதி வாங்கித்தான் உள்ள நுழைஞ்சாங்களாம். அப்படி வந்தவங்க பள்ளிக்கூடம் கட்டிருக்காங்க, தீயணைப்பு நிலையம் கட்டிருக்காங்க. போட்டிக்குப் படம் அனுப்பும்போது பேர் போடக் கூடாது. பேரு தனியா, ஒட்டுன கவருக்குள்ள இருக்கும். அதனால படம் ஜெயிச்சுச்சு."

ஊர் திரும்பியபின் இதை அவர் இங்கேயே செய்துபார்த்தார். பேரையூர்ப் பக்கம் பருத்தி வியாபாரி ஒருவர், தம் தாயார் நினைவாகப் பிரசவ மருத்துவமனை கட்ட நினைத்தார். பலரிடமும் வரைபடம் கேட்டிருந்தார். ஜமீலாம்மா அவரிடம் நேரே போய், எல்லாரும் பெயருக்குப் பதில் ஓர் அடையாளம் மட்டும் போட்டு அனுப்பட்டும் என்றார். "நல்லாருக்கே, சிபாரிசு வராது" என்று பெரியவரும் ஒப்புக்கொண்டார். ஜமீலாம்மா தன் படத்தின் மூலையில் ஒரு வேப்பிலையை வரைந்தார்.

வேப்பிலைப் படம்தான் தேர்வானது. கவரைப் பிரித்த பிறகு எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார்கள்.

"படம் அருமைம்மா. ஆனா சைட்ல இம்புட்டு ஆம்பளைகள வேலை வாங்கணும்ல? இன்ஜினியர் தம்பி பேர்லயே இருக்கட்டும். நீ வீட்லருந்து வரைஞ்சு குடு" என்றார் பெரியவர்.

நான் வாய் திறக்குமுன் ஜமீலாம்மா எழுந்துவிட்டார். "அண்ணன் பேரு அண்ணனுக்கு. என் பேரு எனக்கு. பேரு வேணாம்னா படமும் வேணாங்கய்யா." படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். நானும் பின்னாலேயே வந்தேன்.

திரும்பும் பேருந்து திருமங்கலத்தைத் தொட்டது. அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "அங்க அந்தக் காலத்துல கவரைப் பிரிச்சதும் என்ன சொன்னாங்கன்னு மட்டும் அந்தம்மாகிட்டக் கேக்காம வந்துட்டேண்ணே."

அதன்பின் நீண்ட காலம் பெரிய வேலை எதுவும் வரவில்லை. பழைய நகரத்தின் நெருக்கமான வீடுகளில், புகை மண்டிய அடுப்படிகளுக்கு வெளிச்சமும் காற்றும் வர வழிசெய்து கொடுத்தார். "இதுக்கா இம்புட்டுத் தூரம் போயிட்டு வந்தே?" என்று உறவினர் கேட்டபோது, "இதுக்கும்தான்" என்றார். ஆனால் அந்த நாட்களில் அவர் மனம் எவ்வளவு சோர்ந்திருந்தது என்பது உடனிருந்த எனக்குத் தெரியும்.

ஒருநாள் மரக்கடை மாடியிலிருந்த அவர் அலுவலகத்துக்குப் பெரியவரே படியேறி வந்தார். "அன்னைக்குப் படம் பாத்த, ஆஸ்பத்திரிய நடத்தப்போற டாக்டரம்மா பிடிவாதமா நிக்கிறாங்க. வலி வந்தவ நடக்குறதுக்கு நிழலும், கூட வந்தவுக ஒக்காந்து கஞ்சி காய்ச்ச எடமும் அந்தப் படத்துலதான் இருக்காம். வேற படம்னா வேற டாக்டரப் பாத்துக்கங்கன்னுட்டாக."

ஜமீலாம்மா அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "பேரு?"

"உன் பேருதாம்மா."

வேலை தொடங்கியபோது, அவர் எதைச் சொன்னாலும் மேஸ்திரி என் பக்கம் திரும்பி, "என்ன சார் செய்ய?" என்பார். நான் வானத்தைப் பார்ப்பேன். சுவர் ஒன்று நூல் பிடித்த கோட்டிலிருந்து விலகியிருந்ததைக் கண்டு, ஜமீலாம்மா சேலையைச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறி, அதை இடிக்கச் சொல்லி அங்கேயே நின்றார். இடித்தார்கள். அன்றுமுதல் யாரும் என்னைக் கேட்கவில்லை. அவருடைய கோபம் கடுமையானது. மாலையில் அதே ஆட்களோடு உட்கார்ந்து வடை தின்பார்.

அவர் வரைந்த பள்ளிகளும் விடுதிகளும் இன்று மதுரையைச் சுற்றிப் பல ஊர்களில் நிற்கின்றன. அவர் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண்கள் இப்போது தங்கள் பெயரிலேயே அலுவலகம் நடத்துகிறார்கள்.

அடக்கத்துக்கு அவர்களும் வந்திருந்தார்கள். கபரஸ்தானுக்குள் பெண்கள் வருவதில்லை என்பதால், வாசலில் வெயிலிலேயே நின்றார்கள். நாங்கள் மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது ஒரு பெண் என்னை நிறுத்தினாள்.

"மண்ணு போட்டீங்களா சார்?"

"போட்டேம்மா."

"எங்களுக்கும் சேத்தா?"

அவர்களிடம் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக்கொண்டு காதரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். இருவரும் திரும்ப உள்ளே போனோம். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொரு பிடி மண்ணாகப் போட்டேன்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், ஜமீலாம்மா.