மீசை போன எலிகள்

எங்கள் வீட்டில் அக்காவுக்கு ‘எலிராணி’ என்று பெயர். வைத்தது நான்தான். போதைப் பழக்கம் மூளையில் எங்கே வேர் பிடிக்கிறது என்று ஆராயும் கூடத்தில் பதினேழு வருடமாக எலி வளர்க்கிறாள். கூண்டு கழுவுவாள், மரத்தூள் மாற்றுவாள், எடை பார்ப்பாள். படித்தவர்கள் எலியின் மூளையைப் பார்ப்பார்கள், இவள் அதன் முகத்தைப் பார்ப்பாள்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, குடிப்பவர். மனசு வைத்தால் விட்டுவிடலாமே என்று அவருக்குப் புத்தி சொல்லாத சொந்தக்காரர் இல்லை, நான் உட்பட.

அக்கா கால் சுளுக்கி இரண்டு வாரம் விடுப்பில் இருந்தபோது கூடத்திலிருந்து போன் வந்தது. புது மருந்து கொடுத்த எலிகள் சாராயம் தரும் பொத்தானைத் தொடவே இல்லையாம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இது மூளைக் கோளாறுதான், மருந்து வந்துவிடும் என்று மாமாவிடம் சொன்னாள். அவர் குலுங்கி அழுதார்.

வேலைக்குத் திரும்பிய அன்றே அந்த எலிகளின் மீசை கத்தரித்த மாதிரி இருப்பதைக் கண்டாள். கூடவே அடைத்த இன்னொரு எலிதான் அப்படிக் கடித்து வைக்கும். இவையோ தனித்தனியாக இருக்க வேண்டியவை. விசாரித்தால், மாற்று ஆள் பாவம் பார்த்து மாலையில் ஜோடி சேர்த்து, காலையில் பிரித்திருக்கிறார். துணை கிடைத்தாலும் எலி குடியைக் குறைக்கும்.

மறுநாள் அந்த மருந்து பற்றிய கட்டுரை பத்திரிகைக்குப் போக வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் மீசை வளர்ந்துவிடும், மாமாவின் நம்பிக்கையும் பிழைக்கும். நானாக இருந்தால் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். இவள் ஒரு எலியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே தலைமை டாக்டர் அறைக்குள் போய்விட்டாள்.

“மருந்துதான் கேட்டுச்சுன்னு சொல்ல முடியாது டாக்டர். மறுபடி செய்யணும்.”

கூண்டு கழுவுகிறவளுக்கு என்ன தெரியும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். டாக்டர் எலியை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். அப்புறம் யாரும் முணுமுணுக்கவில்லை. என் அக்கா பேச்சுக்காக ஒரு ஆராய்ச்சியே எட்டு மாதம் பின்னால் போனது. இதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், பெருமை தாங்கவில்லை.

இரண்டாம் முறை முடிவு வந்ததும் மாமாவிடம் மறைக்காமல் சொன்னாள். மருந்து கேட்கிறது, ஆனால் நினைத்ததில் பாதிதான்.

மாமா சொன்னார்:

“முழுசுன்னு சொல்லியே என்னை ஏமாத்தியிருக்கலாம். நீ செய்யல. அதனால இந்தப் பாதியை நம்பறேன். மீதியை நான் பாத்துக்கறேன்.”

மறுநாள் குடியை விடும் சிகிச்சைக்குச் சேர அவராகவே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.